கதை கேட்கும் கலை

காலட்சேபம் என்னும் வடசொல்லுக்குக் காலத்தைக் கழித்தல் என்பது நேரான பொருள். பொழுதைக் கழிக்க உலகில் எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றைச் சிறந்ததெனத் தேர்ந்து, அதற்கே இப்பெயரைச் சூட்டிவிட்டார்கள் நம் முன்னோர். இறைவனுடைய வரலாற்றையும் அடியார்களுடைய வரலாற்றையும் ஒருவர் இசையோடு எடுத்துரைக்க, ஊரார் ஒருங்கிருந்து கேட்பதே கதா காலட்சேபம். இக்கலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கதை சொல்பவரைப் பற்றியே பேசுவார்கள். நான் இன்று கேட்பவரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். மாணவப் பருவத்தில், ஒரு கோடை விடுமுறை முழுவதும், பாகவதர் ஒருவரைப் பின்பற்றி ஊர் ஊராகச் சென்று கதை கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆதலால் கேட்பவர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற உரிமையோடு பேசுகிறேன்.

கேட்டல் என்பதை நாம் எளிய செயலாக எண்ணுகிறோம். காது திறந்திருந்தால் ஒலி தானே வந்து விழுகிறது; இதில் பயிற்சி எதற்கு என்று தோன்றும். நம் பெரியோர்கள் அவ்வாறு எண்ணவில்லை. பாகவதத்தில் பிரகலாதன் பக்தியை ஒன்பது வகையாகப் பிரித்துச் சொல்கிறான். அவற்றுள் முதலாவது சிரவணம், அதாவது கேட்டல். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்து, அதன் பின்னரே அறிவுடைமைக்குச் செல்கிறார். கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் இடையே கேள்வி நிற்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கேள்வி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. காதால் கேட்டு அறிவதும் கேள்வி; ஐயுற்று வினாவுவதும் கேள்வி. இவ்விரண்டும் ஒரே சொல்லில் அமைந்திருப்பதன் அருமை அந்தக் கோடையிலேதான் எனக்கு விளங்கியது.

நம் இதிகாசங்கள் சபையிலே சொல்லப்பட்டவை என்ற கோலத்தையே தாங்கி நிற்கின்றன. இராமாயணத்தைக் குசனும் லவனும் பாட, இராமனே சபையில் அமர்ந்து கேட்கிறான். பாரதத்தை ஜனமேஜயனுடைய வேள்விச் சாலையில் வைசம்பாயனர் சொல்கிறார். இன்னும் ஏழே நாளில் உயிர் பிரியும் என்று அறிந்த பரீட்சித்துக்குச் சுகர் சொன்னதே பாகவதம். கதைக்குள்ளேயே கேட்பவனுக்கும் ஓர் ஆசனம் போடப்பட்டிருக்கிறது. அவன் இடையிடையே வினாவுகிறான். வினாவுக்கு விடையாகக் கதை வளர்கிறது.

தமிழ்நாட்டில் இவ்வழக்கம் மிகப் பழமையானது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்ட செய்தியை அதிலே காண்கிறோம். வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில், பகலில் பாரதப் பிரசங்கி வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்ல, இரவில் அதே கதை தெருக்கூத்தாக நடைபெறும். தீமிதியோடு விழா நிறைவு பெறும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். அந்நாட்டில் ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய பிரசங்கங்கள் தமிழ் உரைநடைக்கே ஒரு புதிய வலிமையைத் தந்தன.

இசையோடு கூடிய கதா காலட்சேபம் இன்றைய உருவத்தைப் பெற்றது தஞ்சையிலே. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1855ஆம் ஆண்டு வரை தஞ்சையை மராட்டிய மன்னர்கள் ஆண்டார்கள். அவர்களுடைய நாட்டுக் கீர்த்தனக்காரர்கள் காவிரிக் கரைக்கு வந்தார்கள். அவர்களுடைய முறையையும் நம் கருநாடக இசையையும் இணைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனை ஒரு செம்மையான கலையாக்கியவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். பாகவதர் நின்றுகொண்டே கதை சொல்வார். கையிலே சிப்லாக் கட்டை. பின்னால் மிருதங்கமும் ஆர்மோனியமும். பின்பாட்டுப் பாட ஒருவர் அல்லது இருவர். முதலில் பூர்வ பீடிகை. அதில் அன்றைய கதையின் உட்கருத்தை ஒரு பாட்டின் வழியாக விளக்குவார். பின்னர்க் கதை. சாகி, திண்டி, ஓவி, அபங்கம் என்ற மராட்டி மெட்டுகளும், தமிழ் விருத்தங்களும், தெலுங்குக் கீர்த்தனங்களும், வடமொழிச் சுலோகங்களும் ஒரே சரட்டில் கோக்கப்படும். இறுதியில் மங்களம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் இம்மேடையில் ஏறுவதைப் பலர் எதிர்த்தார்கள். 1894இல் பிறந்த சி. சரஸ்வதி பாய் அவ்வெதிர்ப்பைக் கடந்து புகழ் பெற்றார். பக்க வாத்தியச் சிறப்பைவிடப் பேச்சையே முதன்மையாகக் கொண்ட சொற்பொழிவு முறையில், காங்கேயநல்லூரிற் பிறந்த திருமுருக கிருபானந்த வாரியார் (1906–1993) தமிழ் மக்களின் உள்ளத்தில் இடம்பெற்றார். முன்வரிசையில் அமர்ந்த குழந்தைகளை நோக்கி அவர் வினாக்கள் கேட்பதும், சரியாக விடை சொன்ன குழந்தைக்குச் சிறு நூலொன்றைப் பரிசளிப்பதும் அவருடைய சபைகளுக்குச் சென்ற அனைவரும் அறிந்தது.

இனி, நான் கேட்ட கதைக்கு வருகிறேன். அது 1984ஆம் ஆண்டுக் கோடை. கும்பகோணத்தில் என் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். அத்தைக்கு இரவில் தனியே சென்று வரத் துணை வேண்டும். துணைக்குப் போனவன், மூன்றாம் நாள் முதல் அத்தைக்கு முன்பாகவே புறப்பட்டு இடம் பிடிக்கத் தொடங்கினேன். கும்பகோணத்தில் இராமாயணம் 10 நாட்கள் நடந்தது. பாகவதர் அடுத்து மயிலாடுதுறைக்கு அருகே ஒரு சிற்றூரில் அதே இராமாயணத்தைச் சொல்லப் போகிறார் என்று அறிந்ததும், ஒரு குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு நானும் போனேன். அதன் பின் வைத்தீசுவரன்கோயிலில் அடியார் கதைகள் 7 நாட்கள். ஆக 27 இரவுகள்.

கேட்ட கதையையே மறுபடியும் ஏன் கேட்க வேண்டும் என்று நண்பர்கள் நகைத்தார்கள். இரண்டாம் முறை கேட்டபோதுதான் நான் உண்மையில் கேட்கத் தொடங்கினேன் என்பேன். கதை ஒன்றே, சொன்னவரும் ஒருவரே, ஆயினும் இரண்டு ஊரிலும் இரண்டு இராமாயணங்கள் பிறந்தன. கும்பகோணத்தில் பந்தல் கடைத்தெருவை ஒட்டி இருந்தது. கடையடைத்துவிட்டு வந்த வணிகர்களே சபையிற் பெரும்பாலோர். அங்கே பாகவதர் நந்திக்கிராமத்துப் பரதனை விட்டு நகரவே இல்லை. பிறர் பொருளைப் 14 ஆண்டுகள் காத்தவன் அவன். இராமன் திரும்பி வந்தவுடன், கருவூலத்தையும் களஞ்சியத்தையும் பார்த்துக்கொள், பதின்மடங்கு பெருகியிருக்கிறது என்று ஒப்படைத்தவன். வால்மீகியில் உள்ள இச்செய்தியைக் கணக்கு ஒப்புவிக்கும் காட்சியாகவே அவர் விரித்துச் சொன்னபோது, வணிகர் பலர் தம்மை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சிற்றூரில் அவ்வாறில்லை. அது மேட்டூர் அணை திறக்கப்படாத காலம். ஜூன் 12ஆம் நாளை எதிர்நோக்கி உழவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். காவிரி முழுவதும் மணல். கும்பகோணத்தில் பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்ட பகீரதன் கதை, அங்கே ஒரு மணி நேரம் நீண்டது. பாட்டனார் முயன்று முடியாமல், தந்தையும் முயன்று முடியாமல், மகன் கொண்டுவந்த நீர் என்று பாகவதர் சொல்லச் சொல்ல, முதியவர் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பகலில் நான் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். ஓர் ஊருக்குச் சென்றதும் பாகவதர் உடனே ஓய்வெடுக்கச் செல்வதில்லை. கோயிலுக்குப் போவார், தல வரலாற்றைக் கேட்பார், திண்ணையில் அமர்ந்து, விளைச்சல் எப்படி, கிணற்றில் நீர் எவ்வளவு என்று விசாரிப்பார். இரவிலே கதையின் எந்தக் கிளை தழைக்க வேண்டும், எந்தக் கிளையைக் கத்தரிக்க வேண்டும் என்பது பிற்பகலில் திண்ணையிலேயே முடிவாகிவிடும்.

கேட்பவர்களின் திறமையையும் ஓர் அம்மையார் வழியாக அறிந்தேன். அவர் கோயில் வாயிலில் பூ விற்பவர், எழுத்தறியாதவர், கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூணோரம் அமர்வார். சீதையை இராவணன் கவர்ந்து சென்ற கதை நடந்த மறுநாள், கதை எப்படி என்று அவரைக் கேட்டேன். "போன வருஷம் வந்தவர் சொன்னபோது, பாவி அவளைத் தொடாமல் குடிசையோடு பெயர்த்துக்கொண்டு போனான், தம்பி. இவர் சொல்லும்போது கூந்தலைப் பற்றித் தூக்கிப் போகிறான். இரண்டையும் கேட்டுவிட்டேன். குடிசையோடு போனதுதான் என் மனசுக்குச் சம்மதம்" என்றார். நான் திகைத்து நின்றேன். நிலத்தோடு பெயர்த்துச் சென்றான் என்பது கம்பர் வழி; கூந்தலைப் பற்றினான் என்பது வால்மீகி வழி. கல்லூரியில் பாட வேறுபாடு என்று நாங்கள் எழுதிப் படிக்கும் ஒன்றை, அந்த அம்மையார் செவியாலேயே கண்டு, ஒப்பிட்டு, தமக்கென ஒரு முடிவும் கூறிவிட்டார். எழுத்தறிவு வேறு, கல்வி வேறு என்று நான் உணர்ந்த இடம் அந்தத் தூணோரம்.

வைத்தீசுவரன்கோயிலில் நான்காம் நாள் நந்தனார் சரித்திரம். அவ்வூரிலிருந்து திருப்புன்கூர் தொலைவில் இல்லை. நந்தனாருக்காக நந்தி விலகி வழிவிட்டது என்று சொல்லப்படும் தலம் அது. ஆதலால் அன்று கூட்டம் பந்தலை மீறி வீதியிலும் நின்றது. பாகவதரும் தம் திறமை முழுவதையும் காட்டினார். தில்லையில் தீ வளர்த்து நந்தனார் அதனுட் புகுந்து எழும் கட்டத்தில் தாளம் விரைந்தது, மிருதங்கம் முழங்கியது, சபை கைகுவித்தது. மங்களம் பாடப் போகும் நேரம். பந்தலின் ஓரத்தில் ஒரு பையன் எழுந்து நின்றான். பதினைந்து, பதினாறு வயதிருக்கும். பள்ளிச் சீருடையின் காற்சட்டையோடேயே வந்திருந்தான்.

"ஐயா, ஒன்று கேட்கலாமா?" என்றான். "கேள், தம்பி" என்றார் பாகவதர். "நெருப்பிலே மூழ்கி எழுந்த பிறகுதான் நந்தனார் கோயிலுக்குள்ளே போனார் என்று சொன்னீர்கள். அவரிடத்தில் என்ன அழுக்கு இருந்தது, ஐயா?"

சபை அடங்கிவிட்டது. பின்னர் முன்வரிசையிலிருந்து சிலர், "உட்கார், உட்கார்" என்று அதட்டினார்கள். பாகவதர் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். சிறிது நேரம் அவரும் பேசவில்லை. "தம்பி, இதற்கு இப்போது அவசரமாக ஒரு பதில் சொன்னால், அது உன் வாயை மூடுவதற்குச் சொன்ன பதிலாகிவிடும். நாளைக்கு வா. உன் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்" என்றார்.

மறுநாள் குறித்த நேரம் வந்தும் பாகவதர் தொடங்கவில்லை. சபையின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் கழித்து அந்தப் பையன் வந்தான். முன்னே வந்து அமருமாறு அழைத்தும் வராமல், பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைய பூர்வ பீடிகை முழுவதும் அவனுடைய கேள்விக்கே உரியதாயிற்று. பாகவதர் சொன்னதை என் குறிப்பேட்டிலிருந்து சுருக்கிச் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் நந்தனாரைக் கொடுமைப்படுத்தும் பண்ணையார் எவரும் இல்லை. தீயின் வழியே வருக என்பது இறைவன் கனவில் இட்ட கட்டளையாகவே அங்கே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையைக் கீர்த்தனங்களாகப் பாடினார். அவர்தாம் வேதியர் என்ற பண்ணைத் தலைவரைக் கதையினுள் கொண்டுவந்தார். சிதம்பரம் போக விடைகேட்ட கூலியாளைத் தடுத்து, நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்று சொல்பவர் அவர். ஒரே இரவில் இறையருளால் அவ்வேலை முடிகிறது. பண்ணைத் தலைவர் கூலியாளின் காலில் விழுகிறார். பழைய கதையில் இல்லாத இக்காட்சியைப் பாரதியார் ஏன் சேர்த்தார்? தம் காலத்து வயல்களில் அவர் கண்டது அவரை உறுத்தியது, ஆதலால் சேர்த்தார். அப்பால், 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் அரிசன மக்களும் நாடார் சமூகத்தாரும் சென்றார்கள். அன்று அங்கே எவரும் தீ வளர்க்கவில்லை. கதவு திறந்தது, அவ்வளவே. பின்னர்ச் சட்டம் வந்தது; 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு தீண்டாமையையே ஒழித்துவிட்டதாக அறிவித்தது.

இவற்றைச் சொல்லிவிட்டுப் பாகவதர் பையனை நோக்கி, "நந்தனாரிடம் அழுக்கு இல்லை, தம்பி. அழுக்கு வாயிலில் நின்றவர்களின் கண்ணில் இருந்தது. இதை நேற்றுக் கதைக்குள்ளேயே சொல்லியிருக்க வேண்டியவன் நான். நீ கேட்கும்படி விட்டுவிட்டேன்" என்றார்.

இது முழுமையான விடை என்று நான் சொல்லவில்லை. கதையில் அந்தத் தீ இன்னமும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சட்டம் வந்த பின்னரும் மூடிய கதவுகள் சில உண்டு என்பதைச் செய்தித்தாள் படிப்பவர் அறிவர். பையனுடைய மனம் நிறைந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. கடைசிவரை நின்று கேட்டான். பிரசாதம் வழங்குமுன் போய்விட்டான். எனினும் ஒன்றை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பாகவதர் சிதம்பரத்தில் நந்தனார் சரித்திரம் சொல்லக் கேட்டேன். தீப்புகும் கட்டம் வந்தது. விரைந்த தாளம் இல்லை. மிருதங்கக்காரர் கையை எடுத்துவிட்டார். சிப்லாக் கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பாகவதர் சற்று நேரம் மௌனமாக நின்றார். பிறகு மெல்லிய குரலில் கதையைத் தொடர்ந்தார். அச்சிட்ட எந்தப் பதிப்பிலும் அந்த மௌனம் இல்லை. அதை அக்கதைக்குள் எழுதியவன் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மாணவன்.

மாணவ நேயர்களே, கதை கேட்பதற்குச் சில முறைகளை அனுபவத்தால் கண்டேன்; அவற்றை உங்களிடம் சொல்லிவைக்கிறேன். ஒரு நாள் மட்டும் கேட்டுவிட்டு முடிவு கூறாதீர்கள், தொடர்ந்து கேளுங்கள். முதல் நாள் குரல் கேட்கும். மூன்றாம் நாள் கதை கேட்கும். ஏழாம் நாள்தான் கதைக்குள் இருக்கும் கருத்து கேட்கும். கேட்டதை மூலநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது வால்மீகி, எது கம்பர், எது பாகவதரின் சொந்தக் கற்பனை என்று பிரித்தறிவது நல்ல இலக்கியப் பயிற்சி. அருகில் அமர்ந்திருப்பவரையும் கவனியுங்கள். எந்த இடத்தில் அவர் சிரிக்கிறார், எந்த இடத்தில் பெருமூச்சு விடுகிறார் என்று பார்த்தால், ஊரின் மனத்தை அறிவீர்கள். ஐயம் தோன்றினால் அடக்கத்தோடு எழுந்து கேளுங்கள். அடக்கம் என்பது வாய்மூடி இருத்தல் அன்று.

இன்று கைப்பேசியிலேயே எத்தனையோ பெரியவர்களின் சொற்பொழிவுகளைக் கேட்க முடிகிறது. மறைந்தவர்களின் குரலையும் நம் செவிக்குக் கொண்டுவரும் இவ்வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு செய்த குரல் உங்கள் ஊர்த் திண்ணையில் வந்து அமர்ந்து, கிணற்றில் நீர் இருக்கிறதா என்று விசாரிக்காது. உங்கள் கேள்விக்காகப் பத்து நிமிடம் காத்து நிற்காது. அதற்குச் சொல்பவரும் கேட்பவரும் ஒரே பந்தலில் இருக்க வேண்டும்.

உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ காலட்சேபமோ பாரதப் பிரசங்கமோ நடப்பதாகக் கேள்விப்பட்டால், ஒரு குறிப்பேட்டோடு போய் அமருங்கள். வீட்டில் பாட்டியோ அத்தையோ இருந்தால் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வரும் வழியில் அவர்கள் சொல்லும் விமரிசனமும் கதையில் ஒரு பகுதிதான். பத்து நாட்கள் தொடர்ந்து கேட்டுவிட்டு, பதினோராம் நாள் அக்கதையை உங்கள் தம்பி தங்கையருக்குச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் உங்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறார்களோ, அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு பாகவதர் வரும்போது அவரிடம் கேட்க அது உதவும்.